ஆஃப்செட்டா, டிஜிட்டலா, ரிசோவா? சின்ன ஓவியப் பதிப்பகம் எதில் அச்சடிப்பது

முதல் புத்தகத்தை ஆயிரம் பிரதி அடித்தேன். கொட்டேஷன் வாங்கப் போனபோது அச்சகத்துக்காரர் சொன்னது ஒரே வரிதான்: “ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் பெரிய வித்தியாசம் வராது, ஆயிரமாவே போட்டுக்கங்க.” அவர் பொய் சொல்லவில்லை. கொட்டேஷனைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. ஓவியப் புத்தகம், அதுவும் முதல் புத்தகம், ஆஃப்செட்டில் (வண்ணத்துக்கு ஒரு பிளேட் செய்து பெரிய மெஷினில் அடிக்கும் வழக்கமான முறை) இல்லாமல் வேறு எதில் போடுவது என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

லாரி வந்து நின்றபோதுதான் நான் போடாமல் விட்ட கணக்கு ஒன்று இருப்பது தெரிந்தது. 24 x 30 சென்டிமீட்டர், 128 பக்கம், 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) தாள். 128 பக்கம் என்றால் 64 தாள்; உள்தாள் மட்டும் பிரதிக்கு ஏறக்குறைய 690 கிராம். கெட்டி அட்டை சேர்ந்தால் 900 கிராம் தாண்டுகிறது. ஆயிரம் பிரதி கிட்டத்தட்ட ஒரு டன். பெட்டிக்கு 12 வீதம் 84 பெட்டி. கட்டிலுக்கு அடியில் போனது போக, மீதிப் பெட்டிகளைச் சுவரோரமாக அடுக்கி, மேலே ஒரு பலகையைப் போட்டு, இரண்டு வருடம் அதையே மேசையாக வைத்து வேலை பார்த்தேன். முதல் வருடம் விற்றது 260.

அதற்கப்புறம் டிஜிட்டலிலும் ரிசோவிலும் (ஒவ்வொரு வண்ணமாக அடிக்கும் நகல் மெஷின், பின்னால் சொல்கிறேன்) புத்தகம் போட்டாயிற்று, ஆஃப்செட்டுக்கும் திரும்பிப் போயாயிற்று. “எது தரம்?” என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்வி. முதல் வருடத்தில் உன் கையால் எத்தனை விற்கும்? உள்ளே இருக்கும் படங்கள் என்ன மாதிரியானவை? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் மூன்றையும் ஒப்பிடுவதில் பிரயோஜனம் இல்லை.

முதலில் எண்ணிக்கை.

ஆஃப்செட்டில் செலவு இரண்டு வகை. ஒரு பிரதி அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் மாறாதது ஒன்று: நான்கு வண்ணத்துக்கு நான்கு பிளேட், அதுவும் ஒவ்வொரு பாரத்துக்கும் (ஒரே பெரிய தாளில் சேர்த்து அடித்து மடிக்கும் பக்கங்கள்), தாளின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக, அப்புறம் மெஷினைத் தயார் செய்யும் நேரம், நிறம் நிலைக்கு வரும்வரை வேஸ்டாகும் தாள். 16 பக்க பாரம் என்று வைத்தால் 128 பக்கத்துக்கு எட்டு பாரம், இரண்டு பக்கமும் நான்கு வண்ணம், ஆக 64 பிளேட். இரண்டாவது வகை, தாள், மை, பைண்டிங். இது மட்டும்தான் பிரதியோடு சேர்ந்து ஏறும். டிஜிட்டலில் முதல் வகை ஏறக்குறைய கிடையாது. பத்தாவது பிரதிக்கும் ஐந்நூறாவது பிரதிக்கும் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஆஃப்செட் அச்சகத்தில் எப்போதும் இரண்டு எண்ணிக்கைக்குக் கொட்டேஷன் கேளுங்கள். 500 பிரதிக்கு 1000 அலகு, 1000 பிரதிக்கு 1300 அலகு என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம் (அலகு என்பது உங்கள் ஊர்ப் பணம் எதுவோ அது). கூடுதல் 500 பிரதிக்கு 300 அலகுதான். அப்படியென்றால் முதல் 500க்கும் தாள், மை, பைண்டிங் 300தான் ஆகியிருக்கும், மீதி 700 நிலைச்செலவு. பிரதிக்கு 0.6 அலகு. இப்போது டிஜிட்டல்காரர் பிரதிக்கு 2.5 அலகு கேட்கிறார் என்றால் வித்தியாசம் 1.9, நிலைச்செலவு 700ஐ அதால் வகுத்தால் போதும்: 368. அதற்குக் கீழே டிஜிட்டல் மலிவு, மேலே ஆஃப்செட் மலிவு. உங்கள் புத்தகத்துக்கு அந்த எண் 250ஆக வரலாம், 600ஆகவும் வரலாம், அளவும் பக்கமும் தாளும் பொறுத்தது.

இதுவரை எல்லோரும் போடுகிற கணக்குதான். மாட்டிக்கொள்வது இதற்கு அடுத்த படியில். ஆயிரம் பிரதி ஆஃப்செட்டில் அடித்தால் ஒன்றின் அடக்கவிலை 1.3. பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் 350தான் விற்கிறது என்றால் செலவழித்த 1300ஐ அந்த 350தான் சுமக்க வேண்டும். விற்ற பிரதி ஒவ்வொன்றுக்கும் 3.7 அலகு. “விலை அதிகம்” என்று ஒதுக்கிய டிஜிட்டல் 2.5தான். இதில் வாடகை, பூச்சி, ஈரம், வீடு மாற்றும் கூலி எதையும் சேர்க்கவில்லை. அடிக்கும் எண்ணிக்கையால் வகுக்காமல் விற்கும் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் எனக்கு ஒழுங்கான மேசை ஒன்று மிஞ்சியிருக்கும்.

சரி, எத்தனை விற்கும் என்பது எப்படித் தெரியும்? தெரியாது. ஆனால் ஓரளவு நெருங்கலாம். முன்வெளியீட்டுத் திட்டம் போட்டு, பணம் கட்டியவர்களை மட்டும் எண்ணுங்கள். “கண்டிப்பா வாங்கறேன்” என்று கமென்ட் போட்டவர்களை எண்ணாதீர்கள். என் அனுபவத்தில் முன்பதிவைப் போல் இரண்டரை மடங்கு முதல் வருடத்தில் போகிறது. உங்களுக்கு வேறாக இருக்கலாம். அதோடு ஓவியருக்குத் தரும் பிரதி, விமர்சனப் பிரதி, நூலகத்துக்குச் சட்டப்படி அனுப்புவது, தபாலில் மூலை நசுங்கித் திரும்பி வருவது என்று முப்பது நாற்பது கணக்கில் வராமல் கரைந்துவிடும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

எங்கே விற்கப்போகிறோம் என்பதும் இதோடு பின்னிக்கிடக்கிறது. புத்தக விலை 10 அலகு என்று வைப்போம். விநியோகஸ்தர் வழியாகக் கடைக்குப் போனால் இருவர் கழிவும் சேர்ந்து 55 முதல் 60 சதவீதம் போய்விடும். கையில் வருவது 4. ராயல்டி 10 சதவீதம் என்றால் 1 போக 3. டிஜிட்டலில் அச்சுக்கு 2.5 கொடுத்தால் மிச்சம் அரை அலகு. அதில் ஸ்கேனிங், லேஅவுட், தபால் எல்லாம் முடிந்தாக வேண்டும். முடியாது. அதே பிரதியை நீங்களே நேரில் விற்றால் 6.5 மிஞ்சும். ஆக, கடைகள் வழியாகப் பெரிதாகப் போவது உங்கள் திட்டம் என்றால் டிஜிட்டல் கணக்கு உதைக்கும், ஆஃப்செட் தவிர வழியில்லை. கலைப் புத்தகச் சந்தை, சொந்த அஞ்சல் பட்டியல், ஓவியரின் கண்காட்சி அரங்கில் ஒரு மேசை என்று இருப்பவர்களுக்கு டிஜிட்டல் தாராளமாகப் போதும். நியூயார்க்கில் 1976இல் தொடங்கிய, கலைஞர்களின் புத்தகங்களை விற்கும் பிரின்டட் மேட்டர், 2006 முதல் நடக்கும் அதன் கலைப் புத்தகச் சந்தை, அதைப் பார்த்து வேறு பல நகரங்களில் முளைத்த சந்தைகள் எல்லாம் இந்த இரண்டாவது வகைக்காரர்களை நம்பித்தான் ஓடுகின்றன.

இனி படங்கள்

ஆஃப்செட்டின் பலம் எங்கே என்று கேட்டால் நான் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைக் காட்டுவேன். கறுப்பு மையோடு சாம்பல் மை ஒன்றையும் தனிப் பிளேட்டில் வைத்து டூயோடோனாக அடித்தால் நிழலுக்குள்ளே இன்னொரு நிழல் தெரியும். சாதாரண டிஜிட்டல் மெஷினில் அதே படம் ஒன்று வெறும் கறுப்பில் தட்டையாக வரும், அல்லது நான்கு வண்ணமும் கலந்து லேசாகப் பச்சையோ செம்மையோ ஏறி நிற்கும். அதேபோல ஐந்தாவது வண்ணம். ஓவியர் ஒரு குறிப்பிட்ட ஆரஞ்சையோ வெள்ளியையோ நம்பி வரைந்திருக்கிறார் என்றால் நான்கு வண்ணக் கலவையில் அது வராது, தனி மை வேண்டும். பெரிய தாள், எந்த அளவும், எந்த மடிப்பும், விரும்பிய தாளை ஆர்டர் செய்யும் வசதி எல்லாம் இங்கேதான்.

ஆனால் ஆஃப்செட் உங்களைக் கேட்காமல் சில முடிவுகளை எடுக்கும். ஒரே பாரத்தில், தாள் ஓடும் திசையில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக விழும் படங்கள் ஒரே மைப் பாதையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. முன்னால் இருக்கும் படத்துக்குச் சிவப்பைக் கூட்டினால் பின்னால் இருக்கும் முகத்துக்குக் காய்ச்சல் வந்துவிடும். மெஷின் பக்கத்தில் நின்று “இதுல கொஞ்சம் சிவப்பு” என்று சொல்பவருக்கு மெஷின்மேன் ஒரு மாதிரி சிரிப்பதன் காரணம் இதுதான். லேஅவுட் செய்யும்போதே எந்தப் பக்கம் எந்தப் பாரத்தில் எங்கே விழுகிறது என்று ஒரு தாளை மடித்து எண் போட்டுப் பாருங்கள், முக்கால்வாசித் தகராறு அங்கேயே தீரும்.

கோட்டிங் இல்லாத தாளை விரும்புகிறவர்களுக்கு (நானும் அந்தக் கட்சி) ஒரு எச்சரிக்கை. மை தாளுக்குள் இறங்கிப் பரவும், புள்ளிகள் பெருக்கும், நிழல் அடைத்துக்கொள்ளும். திரையில் பளபளத்த நீலம், காய்ந்த பிறகு துவைத்த சட்டை மாதிரி நிற்கும். ஆர்ட் பேப்பருக்கென்று (கோட்டிங் உள்ள வழுவழுப்புத் தாள்) தயாரித்த ஃபைலை அப்படியே கொடுக்கக்கூடாது. அச்சகத்தில் அந்தத் தாளுக்கான கலர் புரொஃபைல் கேட்டு, மொத்த மை அளவு (நான்கு வண்ணத்தின் சதவீதமும் கூட்டியது) அதில் சொன்ன வரம்புக்குள், பெரும்பாலும் 300 சதவீதத்துக்குள், வரும்படி மறுபடி மாற்ற வேண்டும். ஆஃப்செட்டுக்குக் காட்டும் புரூஃப் (முன்மாதிரி அச்சு) பெரும்பாலும் இங்க்ஜெட்டில், வேறு தாளில் அடித்தது என்பதையும் மறக்காதீர்கள். அது ஒரு வாக்குறுதி, அவ்வளவுதான்.

டிஜிட்டலுக்கு வந்தால், அதன் மிகப்பெரிய வசதி யாரும் பெரிதாகச் சொல்லாத ஒன்று: புரூஃப் என்பதே புத்தகம். அதே மெஷின், அதே தாள், அதே பைண்டிங்கில் ஒரே ஒரு பிரதி அடித்துக் கையில் வாங்கி, ஒரு வாரம் வீட்டில் கிடத்தி, புரட்டி, எழுத்துப் பிழை பார்த்து, பிறகு மீதியை அடிக்கலாம். நான் அப்படி வாங்கிய ஒரு டம்மியில் இரண்டு ஓவியங்கள் தலைகீழாக இருந்தன. அருவ ஓவியங்கள், நானும் லேஅவுட்காரரும் நான்கு முறை பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை, ஓவியர் ஒரு நொடியில் கண்டுபிடித்தார். ஆஃப்செட் என்றால் அந்தப் பாரத்தையே திரும்ப ஓட்டியிருக்க வேண்டும்.

டிஜிட்டல் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இரண்டு சாதி. பொடி டோனர் மெஷின்களில் நிறம் தாளின் மேல் ஒரு பளபளப்பான தோல் மாதிரி உட்காரும், கோட்டிங் இல்லாத தாளில் அது உறுத்தும். ஹெச்பி இண்டிகோ திரவ மையில் ஓடுவது; மையை முதலில் ஒரு பிளாங்கெட்டுக்கு (உருளைமேல் சுற்றிய விரிப்பு) மாற்றி அங்கிருந்து தாளுக்குக் கொண்டுபோவதால் ஆஃப்செட்டுக்கு ரொம்பவே பக்கத்தில் வரும். பென்னி லாண்டாவின் நிறுவனம் 1993இல் இந்த மெஷினைக் கொண்டுவந்தது, 2002இல் ஹெச்பி வாங்கியது. கொட்டேஷன் கேட்கும்போது “டிஜிட்டல்” என்று பொதுவாகக் கேட்காமல் எந்த மெஷின் என்று கேளுங்கள்.

டிஜிட்டலில் என்னைக் கடித்தது அளவு. சின்ன இண்டிகோவோ டோனர் மெஷினோ, தாள் ஏறக்குறைய 33 x 48 சென்டிமீட்டருக்குள்தான். 24 x 30 புத்தகத்தை விரித்தால் 48 x 30, அதற்கு மேல் வெட்டுக்கு விளிம்பு வேறு வேண்டும், தாளில் இடமில்லை. அப்போது ஒவ்வொரு தாளையும் தனித்தனியாக வெட்டிப் பசை போட்டு ஒட்டுவது ஒன்றுதான் வழி, தைக்க முடியாது. இரண்டு பக்கமும் பரவும் ஓவியத்தின் நடுவை அந்த முதுகு விழுங்கிவிடும். பி2 என்ற பெரிய அளவுத் தாள் ஓடும் பெரிய இண்டிகோ இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் அது எல்லா இடத்திலும் கிடைக்காது. ஏ4 அளவுக்கு இறங்கி வந்தால் சின்ன மெஷினிலும் மடித்துத் தைக்கலாம். அங்கேயும் ஒரு கண்ணி: தாளுக்குக் கிரெயின் (இழைகள் ஓடும் திசை) உண்டு, அது முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். டிஜிட்டலுக்கு விற்கும் தாள் பெரும்பாலும் நீளவாக்குக் கிரெயின். அதைக் குறுக்கே ஏ4ஆக மடித்தால் கிரெயின் முதுகுக்குக் குறுக்கே நிற்கும். புத்தகம் திறக்க மறுக்கும், கையை எடுத்தால் மூடிக்கொள்ளும், அடர்ந்த நிறம் மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். என் இரண்டாவது புத்தகம் இப்படித்தான் வந்தது. அச்சகத்தில் கேட்டால் “நீங்க கிரெயின் சொல்லலியே” என்றார்கள். சொல்லவில்லைதான். ஒரு தாளை இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பார்த்தால் எது இணங்குகிறது என்று விரல் சொல்லிவிடும், அந்த ஒரு நிமிட வேலையை நான் செய்யவில்லை.

ரிசோவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் எனக்கு நடுநிலை போய்விடும். ஜப்பானின் ரிசோ காகாகு நிறுவனம் பள்ளிக்கூடத்துக்கும் அலுவலகத்துக்கும் நோட்டீஸ் அடிப்பதற்காகச் செய்த நகல் மெஷின் அது. ஓவியர்கள் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு வண்ணத்துக்கு ஒரு டிரம், ஒவ்வொரு பக்கத்தின் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு மாஸ்டர், அதாவது மை ஊடுருவும் துளைத்தாள். கண்ணைப் பறிக்கும் அந்த ஃபுளோரசன்ட் இளஞ்சிவப்பு நான்கு வண்ண அச்சில் எந்தப் பாடு பட்டாலும் வராது. வண்ணங்கள் ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்காரும், அதையே அழகு என்று சொல்லித்தான் நாங்கள் விற்கிறோம்.

அழகுக்குப் பின்னால் உழைப்பைப் பாருங்கள். 48 பக்கம், ஏ3 தாளை மடித்தது, 12 தாள். 200 பிரதிக்கு 2,400 தாள். மூன்று வண்ணம், இரண்டு பக்கம், ஒற்றை டிரம் மெஷின்: ஒவ்வொரு தாளும் ஆறு தடவை உள்ளே போக வேண்டும், 14,400 ஓட்டம், 72 மாஸ்டர். நிமிடத்துக்கு நூறு தாள் ஓடும் மெஷின் என்பதால் மொத்தம் இரண்டரை மணி நேர வேலை என்று நினைத்தேன். இரண்டு வாரம் ஆனது. ஒரு வண்ணம் போட்டபின் ஒரு நாளாவது கிடத்த வேண்டும், இல்லாவிட்டால் உருளையின் தடம் அடுத்த தாளில் கோடாக விழும். இந்த எண்ணெய் மை தாளுக்குள் ஊறித்தான் நிற்கும், முழுசாகக் காயாது; அதனால் ஆர்ட் பேப்பரில் அடிக்கவே முடியாது, அடர்ந்த பரப்பைத் தொட்டவர் விரலிலும் எதிர்ப்பக்கத்திலும் ஒட்டும். விளிம்புவரை நிறமும் வராது, வெட்டி எடுக்க வேண்டும். அப்புறம் 2,400 தாளையும் கையால் அடுக்கி மடிக்க வேண்டும். நண்பர்கள் முதல் நாள் வருவார்கள், இரண்டாம் நாள் வரமாட்டார்கள்.

ஆக, ரிசோ எண்ணெய் வண்ண ஓவியத்தின் நகலுக்கு ஆகாது. கோட்டோவியம், காமிக்ஸ், ரிசோவுக்கென்றே ஓவியர் வண்ணம் பிரித்து வரைந்த வேலை, இவற்றுக்கு அதைப்போல ஒன்று இல்லை. இன்னொரு படி மேலே போய்ச் சில புத்தகங்களின் ஒவ்வொரு பக்கத்தையும் கையால் சில்க் ஸ்கிரீனில் அச்சடிக்கும் தாரா புக்ஸ் மாதிரியான பதிப்பகங்களும் உண்டு. அதற்குப் பயிற்சி பெற்ற ஆட்களோடு ஒரு பட்டறையே வேண்டும், முதல் புத்தகம் போடுகிறவருக்கு அது தேர்வுப் பட்டியலிலேயே இல்லை.

பைண்டிங்குக்குப் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள், எந்த வழியில் அடித்தாலும். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சாதாரண சூட்டுப் பசையை விட்டுப் பியூஆர் பசை கேளுங்கள், பக்கம் உதிராது.

எண்ணிக்கை பற்றிய பயத்துக்கு ஒரே ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன். அமெரிக்க ஓவியர் எட் ருஷே 1963இல் தானே வெளியிட்ட பெட்ரோல் பங்க் புகைப்படப் புத்தகம், கலைஞர் புத்தகம் என்ற வகைக்கே முன்னோடி என்று இன்று எல்லோரும் சொல்வது, முதலில் 400 பிரதிதான். 1967இல் இன்னொரு 500. 1969இல்தான் 3,000. முதல் பதிப்பிலேயே மூவாயிரம் போட்டிருந்தால் அவர் வீட்டுச் சுவரோரம் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

என் தீர்ப்பைக் கேட்டால், முதல் புத்தகம், முன்பதிவு நூறைத் தாண்டவில்லை, படங்கள் வண்ணம் என்றால் இண்டிகோவில் 200 பிரதி, ஏ4க்குள், தையல், கிரெயின் முதுகுக்கு இணையாக வரும் தாள்; விற்றுத் தீர்ந்தால் மறுபடி அடிக்கலாம், அடுத்த தடவை நிறம் லேசாக மாறும், பரவாயில்லை. கோட்டு வேலை, 150க்குள், உடம்பில் தெம்பு இருக்கிறது என்றால் ரிசோ. கறுப்பு வெள்ளைப் புகைப்படம் என்றால் மட்டும் கடன் வாங்கியாவது, அல்லது ஆறு மாதம் தள்ளிப்போட்டாவது முன்பதிவைச் சேர்த்துக்கொண்டு, ஆஃப்செட்டுக்குப் போங்கள், அந்தக் கறுப்பை வேறு எதுவும் தராது. விநியோகஸ்தர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றாலும் ஆஃப்செட்தான்.

இப்போது என் மேசையில் (இது நிஜ மேசை) அடுத்த புத்தகத்தின் கொட்டேஷன் கிடக்கிறது. புகைப்படத் தொகுப்பு, டூயோடோன், முன்பதிவு 190. 500க்கும் 1000க்கும் கேட்டிருந்தேன், வழக்கம்போல இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாவது வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, 500க்குப் பக்கத்தில் தாளின் கிரெயின் எந்தப் பக்கம் என்று ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.